கிட் புஷ்: ஒருவருக்கு ‘ரெப்போசிட்டரி நொட் ஃபவுண்ட்’, இன்னொருவருக்கு ‘டைம்ட் அவுட்’, ஒஃபிஸ் சேர்வரில் ‘பெர்மிஷன்’ கரைச்சல்

நெல்மணி (சம்மாந்துறை)

நெல்லு மில்லுகளுக்கு எடை, பில் போடுற மென்பொருள் ஒண்டை ஐந்து பேர் சேர்ந்து செய்றம். கோட் கிட்ஹப்பில (கிட் எண்ட, கோட் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற மென்பொருளுக்கான இணைய சேவை) ஒரு ஓர்கனைசேஷனுக்குக் கீழ, பிரைவேட் ரெப்போவா (அனுமதி உள்ளவருக்கு மட்டும் திறக்கிற கோட் களஞ்சியம்) இருக்கு. மூண்டு பேருக்கு ஒழுங்கா ஓடுது. மற்ற ரெண்டு பேருக்கும் ரெண்டு விதமான கரைச்சல்.

முதலாமவர் அக்கரைப்பற்றில. வின்டோஸ் 11, எச்டிடிபிஎஸ் யூஆர்எல். குளோன் (முழுசா இறக்கிறது), புல் (புதுசை இழுக்கிறது), புஷ் (எங்கட மாற்றத்தை ஏத்திறது) எதைக் குடுத்தாலும் “ரெப்போசிட்டரி நொட் ஃபவுண்ட்” எண்டு வருது. அதே ஆள் பிரவுசரில போனா ரெப்போ வடிவாத் திறக்குது.

ரெண்டாமவர் வாழைச்சேனையில. உபுண்டு, எஸ்எஸ்எச் (கீயால திறக்கிற பாதுகாப்பான இணைப்பு). ஃபோன் ஹொட்ஸ்பொட்டில எல்லாம் ஓடுது. பயிற்சி நிலையத்து வைஃபையில போட்டா ரெண்டு நிமிசம் அப்படியே நிண்டுபோட்டு “கனெக்ஷன் டைம்ட் அவுட்” எண்டு விழுது.

மூண்டாவது, கல்முனை ஒஃபிஸில ஒரு பழைய லினக்ஸ் பெட்டி இருக்கு. ஒவ்வொரு மில்லுக்குமான செட்டிங் ஃபைல்களை மட்டும் அதில ஒரு பெயார் ரெப்போவில (நேராத் திருத்தாம, புஷ் வாங்க மட்டும் வைக்கிற ரெப்போ) வெச்சிருக்கம். ஒருத்தர் புஷ் பண்ணினா அடுத்தவருக்கு “இன்சஃபிஷன்ட் பெர்மிஷன் ஃபோர் எடிங் என் ஒப்ஜெக்ட்” எண்டு வருது.

புது எஸ்எஸ்எச் கீ செய்து பார்த்தாச்சு, ஃபோல்டரை அழிச்சு மறுகா குளோன் பண்ணியும் பார்த்தாச்சு.

ஏறாவூர்_ரூட்

தம்பி, இது மூண்டும் மூண்டு வேற பிரச்சினை. ஒரே முடிச்சில கட்ட வேணாம். கீ மாத்துறது கடைசி வேலை. சேர்வர் “நீ ஆரெண்டு எனக்குத் தெரியா” எண்டு சொன்னாத்தான் கீயைத் தொடணும். உங்கட ரெண்டு பேருக்கும் அது அப்படிச் சொல்லல்லையே.

பிழைச் செய்தியை இப்படி வாசிங்க. “குட் நொட் ரிசோல்வ் ஹோஸ்ட்” எண்டா டிஎன்எஸ், பெயரே கிடைக்கல்ல. “டைம்ட் அவுட்” எண்டா இடையில ஒரு ஃபயர்வோல் பாக்கெட்டைச் சத்தமில்லாமக் கொட்டுது. “பெர்மிஷன் டினைட், பப்ளிக் கீ” எண்டா சேர்வர் வரைக்கும் போயிட்டீங்க, ஆனா கீ பொருந்தல்ல. “பெர்மிஷன் டு இன்ன ரெப்போ டினைட் டு இன்ன ஆள்” எண்டு 403 வந்தா உங்களை அதுக்குத் தெரியும், எழுதுற உரிமைதான் இல்லை. அதில கடைசியா வாற பெயரை ஒருக்கா உத்துப் பாருங்க, பாதி நேரம் அது வேற எக்கவுண்டின்ர பெயரா இருக்கும்.

“நொட் ஃபவுண்ட்” கதைதான் ஆக்களைக் குழப்புறது. பிரைவேட் ரெப்போ ஒண்டைப் பார்க்க உரிமை இல்லாத ஆளுக்கு கிட்ஹப் 403 குடுக்காது, 404தான் (‘காணல்ல’) குடுக்கும். அப்படி ஒரு ரெப்போ இருக்கு எண்டதையே வெளிய விடக்கூடாது எண்டதுக்காக. அதனால யூஆர்எல்லில எழுத்துப் பிழை, கொலபொரேட்டர் அழைப்பை ஏற்காதது, வேற எக்கவுண்டால லொகின் ஆனது, டோக்கனுக்கு (பாஸ்வேர்டுக்குப் பதிலாக் குடுக்கிற நீண்ட இரகசியச் சரம்) உரிமை காணாதது எல்லாத்துக்கும் இதே ஒரு செய்திதான்.

கீழ உள்ளதை அந்தந்த ஆளின்ர மெஷினில ஓட்டி என்ன வருது எண்டு போடுங்க. இங்க தமிழெழுத்தில எழுதிறன், டேர்மினலில வழமைபோல அடிங்க. பெரிய எழுத்து வேணும் எண்ட இடத்தில சொல்லுவன்.

கிட் ரிமோட் -வி

கிட் கொன்ஃபிக் --ஷோ-ஒரிஜின் --கெட்-ஓல் கிரெடென்ஷல்.ஹெல்பர்

எஸ்எஸ்எச் -விடி கிட்@கிட்ஹப்.கொம்

கடைசியில உள்ள ‘டி’ பெரிய எழுத்து. அது வாழைச்சேனை ஆளுக்கு மட்டும்.

வாவிக்கரை

அக்கரைப்பற்று நண்பருக்கு. பிரவுசர் திறப்பதை வைத்து கிட் திறக்கும் என்று நினைக்க வேண்டாம். பிரவுசர் குக்கியால் உள்ளே போகிறது. கிட் போவது வின்டோஸ் கிரெடென்ஷல் மனேஜரில் உள்ள டோக்கனால். இரண்டும் இரண்டு எக்கவுண்டாக இருக்கலாம்.

கொன்ட்ரோல் பனலில் கிரெடென்ஷல் மனேஜர், அதில் வின்டோஸ் கிரெடென்ஷல்ஸ். கீழே ‘ஜெனரிக்’ பகுதியில் “கிட்:” என்று தொடங்கி கிட்ஹப் முகவரியோடு முடியும் பதிவைத் தேடுங்கள். அதை விரித்தால் யூசர் நேம் தெரியும். பழைய அல்லது தனிப்பட்ட எக்கவுண்ட் என்றால் ரிமூவ் செய்துவிட்டு, டேர்மினலை மூடித் திறந்து, ‘கிட் ஃபெட்ச்’ குடுங்கள். சைன் இன் ஜன்னல் வரும்.

டேர்மினலிலேயே பார்க்க:

கிட் கிரெடென்ஷல்-மனேஜர் கிட்ஹப் லிஸ்ட்

ஒரே கணினியில் இரண்டு எக்கவுண்ட் கட்டாயம் வேண்டும் என்றால் ரிமோட் யூஆர்எல்லில் யூசர் நேமைச் சேர்த்துவிடுங்கள். அதாவது எச்டிடிபிஎஸ் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு, யூசர் நேம், @ குறி, பிறகு கிட்ஹப்.கொம். அப்போது மனேஜர் எக்கவுண்ட் வாரியாகப் பிரித்து வைத்துக்கொள்ளும், ஒன்றை மற்றது மிதிக்காது.

யாராவது “பாஸ்வேர்டைத் திரும்ப அடித்துப் பாருங்கள்” என்று சொன்னால் கேட்க வேண்டாம். 2021 ஓகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்கு கிட்ஹப் எக்கவுண்ட் பாஸ்வேர்டை ஏற்பதில்லை. டோக்கன், அல்லது எஸ்எஸ்எச்.

ஒலுவில்_404

இவ்வளவு பாடு என்னத்துக்கு? ஓர்கனைசேஷன் எட்மின்ட எக்கவுண்டில ஒரு கிளாசிக் டோக்கன், ‘ரெப்போ’ ஸ்கோப், எக்ஸ்பைரி இல்லாம எடுங்க. ஐந்து பேருக்கும் வட்ஸ்அப்பில அனுப்புங்க. பத்து நிமிச வேலை.

காரைதீவு_கொமிட்

ஒலுவில், நீங்க சொல்றது பத்து நிமிசத்தில முடியும், மெய்தான். ஆனா ஒருத்தர் விலகினா அந்த டோக்கனை ரத்துச் செய்யணும், மறுகா மிச்ச நாலு பேரும் நிண்டுபோவாங்க. கிளாசிக் டோக்கனின்ர ‘ரெப்போ’ ஸ்கோப் ஒரு ரெப்போவுக்கு இல்ல, அந்த எட்மின் தொடக்கூடிய எல்லா ரெப்போவுக்கும் எழுதுற உரிமை. மில்லுக்காரன்ட லப்டொப்பில அது கிடந்தா அவன்ட மகன் கூட மெயின் பிராஞ்சை (கோட்டின்ர முக்கியக் கிளை) அழிக்கலாம். ஆர் புஷ் பண்ணினது எண்டு பார்க்கப் போனா எல்லாத்துக்கும் எட்மின் பெயர்தான் நிக்கும்.

காசுக் கதையும் இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு இலவசத் திட்டத்திலயே பிரைவேட் ரெப்போவில எத்தனை பேரையும் சேர்க்கலாம்.

இன்னொண்டு, டோக்கனை ரிமோட் யூஆர்எல்லுக்குள்ள ஒட்டி வைக்கிற பழக்கம் கனபேருக்கு இருக்கு. அது டொட் கிட் ஃபோல்டருக்குள்ள கொன்ஃபிக் ஃபைலில அப்படியே வெளிச்சமாக் கிடக்கும். ‘ரிமோட் -வி’ ஸ்க்ரீன்ஷொட் ஒண்டை இங்க போட்டாலே போச்சு. நெல்மணி, நீங்க போடக்க அதைப் பார்த்துப் போடுங்க.

நெல்மணி (சம்மாந்துறை)

பார்த்துத்தான் போடுறன்.

அக்கரைப்பற்று: யூஆர்எல் சரி, எழுத்துப் பிழை இல்லை. ஹெல்பர் ‘மனேஜர்’ எண்டு வருது. கிரெடென்ஷல் மனேஜரில பழைய எக்கவுண்ட் ஒண்டு கிடந்தது, அழிச்சாச்சு. சைன் இன் ஜன்னலில ‘டோக்கன்’ டெப்பைத் தெரிஞ்சு புது டோக்கனை ஒட்டினா திரும்பவும் அதே “நொட் ஃபவுண்ட்”. எடுத்தது ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கன், ‘ஓல் ரெப்போசிட்டரீஸ்’ குடுத்துத்தான் எடுத்தது.

வாழைச்சேனை: “கனெக்டிங் டு கிட்ஹப்.கொம் போர்ட் 22” எண்ட வரியோட நிக்குது, அதுக்குக் கீழ ஒண்டும் இல்லை.

காரைதீவு_கொமிட்

அக்கரைப்பற்றுக்கு விடை இதுக்குள்ளதான் கிடக்கு. ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கன் எடுக்கிற பக்கத்தில மேல ‘ரிசோர்ஸ் ஓனர்’ எண்டு ஒரு பெட்டி இருக்கும். அதில இயல்பாவே உங்கட சொந்த எக்கவுண்ட்தான் நிக்கும். அதோட ‘ஓல் ரெப்போசிட்டரீஸ்’ குடுத்தா, உங்கட சொந்த எக்கவுண்டில உள்ள எல்லா ரெப்போவும் எண்டுதான் அர்த்தம். ஓர்கனைசேஷன் ரெப்போ அதுக்குள்ள வராது, அதனால 404.

திரும்ப எடுங்க. ரிசோர்ஸ் ஓனரில ஓர்கனைசேஷனைத் தெரிவு செய்யுங்க. ‘ஒன்லி செலக்ட் ரெப்போசிட்டரீஸ்’ போட்டு அந்த ஒரு ரெப்போவைக் குடுங்க. பெர்மிஷனில ‘கொன்டென்ட்ஸ்’ ரீட் என்ட் ரைட். ‘மெட்டாடேட்டா’ ரீட் தானா வரும். அவர் கிட்ஹப் எக்ஷன்ஸ் வேர்க்ஃப்ளோ ஃபைல்களை மாத்துறவர் எண்டா ‘வேர்க்ஃப்ளோஸ்’ உரிமையும் வேணும், இல்லாட்டி மற்ற எல்லாம் போய் அந்த ஃபைல் உள்ள புஷ் மட்டும் திருப்பி அடிபடும்.

மறுகா ஒரு வேலை எட்மின் பக்கம். ஓர்கனைசேஷன் அனுமதி கேட்கிற மாதிரி வெச்சிருந்தா டோக்கன் ‘பென்டிங்’ நிலையில நிக்கும். அந்த நேரம் அதால பப்ளிக் ரெப்போக்களை வாசிக்க மட்டும்தான் ஏலும், உங்கட ரெப்போவுக்கு அதே 404தான். எட்மின் ஓர்கனைசேஷன் செட்டிங்ஸில, பேர்சனல் எக்ஸஸ் டோக்கன்ஸ், பென்டிங் ரிக்வெஸ்ட்ஸ் போய் அப்ரூவ் குடுக்கணும்.

ரிசோர்ஸ் ஓனர் பெட்டியில ஓர்கனைசேஷன் பெயரே வரல்ல எண்டா அனேகமா அவர் மெம்பர் இல்ல, வெளிக் கொலபொரேட்டர். அந்த ஆக்களுக்கு ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கன் சரிவராது. மெம்பராக்குங்க, இல்லாட்டி எஸ்எஸ்எச்சுக்கு மாறுங்க. அழைப்பு மெயில் 7 நாளில காலாவதியாகும் எண்டதையும் பார்த்துக்கொள்ளுங்க. “அப்பவே அனுப்பினான்” எண்டு எட்மின் சொல்லுவார், அது செத்துக் கிடக்கும்.

ஏறாவூர்_ரூட்

வாழைச்சேனைக்கு. “கனெக்டிங்” வரிக்குப் பிறகு “கனெக்ஷன் எஸ்டாப்ளிஷ்ட்” வரல்ல எண்டா கீயைப் பற்றின பேச்சே தொடங்கல்ல. அந்த நிலையத்து ரவுட்டர் போர்ட் 22ஐ மூடி வெச்சிருக்கு. பாடசாலை, பயிற்சி நிலையம், வங்கி மாதிரி இடங்களில 80, 443 ரெண்டையும் மட்டும் திறந்து விடுறது சாதாரணம். கிட்ஹப் எஸ்எஸ்எச்சை 443இலயும் கேட்டுக்கொண்டிருக்கு, ஆனா வேற பெயரில. முதல்ல சோதிங்க:

எஸ்எஸ்எச் -டி -பி 443 கிட்@எஸ்எஸ்எச்.கிட்ஹப்.கொம்

‘டி’ பெரிசு, ‘பி’ சின்னது. “ஹாய்” போட்டு உங்கட யூசர் நேமையும், ஷெல் எக்ஸஸ் தாறதில்லை எண்டும் சொன்னா வெற்றி. ஷெல் இல்லை எண்டதைப் பிழையெண்டு நினைக்க வேணாம். வீட்டு ஃபோல்டரில டொட் எஸ்எஸ்எச்சுக்குள்ள கொன்ஃபிக் ஃபைலில இதைப் போடுங்க:

ஹோஸ்ட் கிட்ஹப்.கொம்
  ஹோஸ்ட்நேம் எஸ்எஸ்எச்.கிட்ஹப்.கொம்
  போர்ட் 443
  யூசர் கிட்
  ஐடென்டிட்டிஸ்ஒன்லி யெஸ்
  ஐடென்டிட்டிஃபைல் அந்தக் கீயின்ர முழுப் பாதை
  சேர்வர்எலைவ்இன்டர்வெல் 60

ரிமோட் யூஆர்எல்லை மாத்தத் தேவையில்லை. ‘ஐடென்டிட்டிஸ்ஒன்லி’ எதுக்கெண்டா, ஏஜென்டில (கீகளை நினைவில வெச்சிருக்கிற புரோகிராம்) கன கீ இருந்தா எஸ்எஸ்எச் ஒவ்வொண்டா நீட்டும். ஓபன்எஸ்எஸ்எச் சேர்வரில இயல்பான எல்லை 6 முயற்சி. சரியான கீ ஏழாவதா நிண்டா அதுக்கு முதலே “டூ மெனி ஒத்தென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்” எண்டு கதவு சாத்திடும். ஏஜென்டில என்ன கிடக்கு எண்டு ‘எஸ்எஸ்எச்-எட் -எல்’ காட்டும்.

443இல முதல்தரம் போகக்க சேர்வர் கீயின்ர ஃபிங்கர்பிரின்டை (சுருக்க அடையாளம்) காட்டி ‘யெஸ்’ கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு அடிக்காம, கிட்ஹப் தன்ர உதவிப் பக்கத்தில போட்டிருக்கிறதோட ஒப்பிடுங்க. “ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்ட்” எண்டு பெரிய எழுத்தில பயமுறுத்தினா, பழைய லெப் மெஷினா எண்டு பாருங்க. 2023 மார்ச் 24 அண்டு கிட்ஹப் தன்ர ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயை மாத்தினது, அந்தரங்கக் கீ ஒரு பப்ளிக் ரெப்போவில கொஞ்ச நேரம் வெளியே கிடந்ததால. அதுக்கு முந்திச் சேமிச்ச மெஷினெல்லாம் இப்படிக் கத்தும். ‘எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர் கிட்ஹப்.கொம்’ போட்டுப் பழசை நீக்கிட்டு, ஒப்பிட்டுச் சேருங்க. அதில ‘ஆர்’ பெரிய எழுத்து. அந்தத் திகதிக்குப் பிறகு சேமிச்ச மெஷினில இப்படி வந்தா விடக்கூடாது, ஆரோ இடையில நிக்கலாம்.

கல்லாற்றான்

443இலயும் விழுந்தால்? சில நிலையங்களில் புரொக்சி (இடையில் நின்று இணையத்தைக் கடத்தும் கணினி) உள்ளடக்கத்தைப் பிரித்துப் பார்க்கும். எஸ்எஸ்எச் பேச்சு 443இல் வந்தால் அதையும் அறுத்துவிடும்.

ஏறாவூர்_ரூட்

அப்ப எச்டிடிபிஎஸ்தான். அங்க “எஸ்எஸ்எல் சேர்டிஃபிகேட் ப்ரொப்ளம், அனேபிள் டு கெட் லோக்கல் இஷ்யுவர்” எண்டு வந்தா அந்தப் புரொக்சி தன்ர சான்றிதழைச் செருகுது. ‘எஸ்எஸ்எல்வெரிஃபை’யை ஃபோல்ஸ் ஆக்கச் சொல்லி ஆயிரம் பேர் எழுதியிருப்பாங்க, வேணாம். டோக்கன் அந்த வழியாத்தான் போகுது. நிலையத்து ஐடி ஆளிட்ட ரூட் சான்றிதழை வாங்கிப் போடுங்க. வின்டோஸில அது ஏற்கெனவே போட்டிருந்தா கிட்டுக்கு அதைப் பார்க்கச் சொன்னாக் காணும்:

கிட் கொன்ஃபிக் --குளோபல் எச்டிடிபி.எஸ்எஸ்எல்பேக்எண்ட் எஸ்சேனல்

“சேர்டிஃபிகேட் இஸ் நொட் யெட் வெலிட்” எண்டா வேற கதை. பழைய பெட்டியில சீமொஸ் பேட்டரி செத்து, கரண்ட் போய் வரக்க கடிகாரம் பின்னுக்குப் போயிருக்கும். சீஆர்2032 ஒண்டு வாங்கிப் போடுங்க.

வாவிக்கரை

எஸ்எஸ்எச்சுக்கு மாறப்போகும் வின்டோஸ்காரருக்கு ஒரு பொறி. அந்தக் கணினியில் இரண்டு எஸ்எஸ்எச் இருக்கும். ஒன்று வின்டோஸோடு வந்தது, மற்றது கிட் ஃபோர் வின்டோஸ் தன்னோடு கொண்டுவந்தது. பவர்ஷெல்லில் ‘எஸ்எஸ்எச்-எட்’ செய்த கீ வின்டோஸ் ஏஜென்டில் இருக்கும். கிட் தன் சொந்த எஸ்எஸ்எச்சை அழைப்பதால் அந்த ஏஜென்டைக் காணாது. ‘எஸ்எஸ்எச் -டி’ சோதனை “ஹாய்” சொல்லும், அடுத்த வரியில் ‘கிட் புஷ்’ “பெர்மிஷன் டினைட்” சொல்லும். ஆட்கள் கீயை நாலு முறை மாற்றுவது இந்த இடத்தில்தான்.

தீர்வு, கிட்டுக்கு வின்டோஸின் எஸ்எஸ்எச்சைக் காட்டிவிடுவது:

கிட் கொன்ஃபிக் --குளோபல் கோர்.எஸ்எஸ்எச்கொமாண்ட் "சி:/வின்டோஸ்/சிஸ்டம்32/ஓபன்எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்.எக்ஸ்ஈ"

பின்சாய்கோடு வேண்டாம், முன்சாய்கோடு. வின்டோஸில் ‘ஓபன்எஸ்எஸ்எச் ஒத்தென்டிகேஷன் ஏஜென்ட்’ சேவை இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். சேர்விசஸ் ஜன்னலில் அதை ‘ஒட்டோமேட்டிக்’ ஆக்கித் தொடங்குங்கள்.

லினக்ஸில் இதன் தம்பி: ‘சூடோ கிட் புல்’. அது ரூட்டின் (முழு உரிமையுள்ள யூசரின்) வீட்டு ஃபோல்டரில் கீ தேடும், உங்கள் கீயை அல்ல.

நெல்மணி (சம்மாந்துறை)

443 வேலை செய்யுது, வாழைச்சேனை ஆள் புஷ் பண்ணிட்டார். ஏறாவூர் நானாவுக்கு நன்றி.

அக்கரைப்பற்றும் குளோன் ஆகிட்டு. ரிசோர்ஸ் ஓனர்தான் காரணம், எட்மினும் அப்ரூவ் குடுத்தார். ஆனா இப்ப புஷ் பண்ணினா “ப்ரொடெக்டட் பிராஞ்ச் ஹுக் டிக்ளைன்ட்” எண்டு வருது. டோக்கனில இன்னும் என்னவும் சேர்க்கணுமா?

காரைதீவு_கொமிட்

டோக்கனைத் தொட வேணாம். உரிமை வந்து சேர்ந்திட்டு, இப்ப தடுக்கிறது மெயின் பிராஞ்சுக்குப் போட்ட விதி. அவர் வேற பிராஞ்சில புஷ் பண்ணிப் புல் ரிக்வெஸ்ட் (மெயினில சேர்க்கச் சொல்லிக் கேட்கிறது) போடட்டும்:

கிட் ஸ்விட்ச் -சி எடை-திருத்தம்

கிட் புஷ் -யு ஒரிஜின் எடை-திருத்தம்

இங்க ரெண்டு எழுத்தும் சின்னது. பிராஞ்சின்ர பெயரை மட்டும் ஆங்கிலத்தில வைங்க. கிட் தமிழ்ப் பெயரை ஏற்கும்தான், ஆனா பில்ட் ஸ்க்ரிப்ட் எழுதுறவர் உங்களைத் திட்டுவார். பிரைவேட் ரெப்போவில பிராஞ்ச் பாதுகாப்பு வேலை செய்யுது எண்டா உங்கட ஓர்கனைசேஷன் காசு கட்டுற திட்டத்தில இருக்கு. இலவசத்தில அது பப்ளிக் ரெப்போவுக்கு மட்டும்தான்.

கல்லாற்றான்

இனி கல்முனைப் பெட்டி. “இன்சஃபிஷன்ட் பெர்மிஷன்” வருவது இதனால். பெயார் ரெப்போவின் ‘ஒப்ஜெக்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் கிட் 256 வரை இரண்டெழுத்து உப ஃபோல்டர்களைத் தேவைக்கேற்ப உண்டாக்கும். முதலில் புஷ் செய்தவர் உண்டாக்கிய உப ஃபோல்டர் அவர் பெயரில், அவர் குழுவில் இருக்கும். அடுத்தவரின் ஒப்ஜெக்ட் அதே இரண்டெழுத்தில் விழுந்தால் எழுத முடியாது. வேறு எழுத்தில் விழுந்தால் முடியும். அதனால்தான் சில நேரம் போகும், சில நேரம் போகாது.

பொதுக் குழு ஒன்றை உண்டாக்கிச் சரிசெய்ய, ரெப்போ ‘/எஸ்ஆர்வி/கிட்/செட்டிங்.கிட்’ என்று வைத்துக்கொண்டால்:

சூடோ குரூப்எட் டெவ்
சூடோ யூசர்மொட் -ஏஜி டெவ் யூசர்நேம்
சூடோ சிஎச்ஜிஆர்பி -ஆர் டெவ் /எஸ்ஆர்வி/கிட்/செட்டிங்.கிட்
சூடோ சிஎச்மொட் -ஆர் ஜி+ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/கிட்/செட்டிங்.கிட்
சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/கிட்/செட்டிங்.கிட் -டைப் டி -எக்ஸெக் சிஎச்மொட் ஜி+எஸ் {} +
சூடோ கிட் --கிட்-டிர்=/எஸ்ஆர்வி/கிட்/செட்டிங்.கிட் கொன்ஃபிக் கோர்.ஷெயார்ட்ரெப்போசிட்டரி குரூப்

‘-ஏஜி’யில் ஏ சின்னது, ஜி பெரிசு. ஏ விடுபட்டால் அந்த ஆள் மற்றக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீங்கிவிடுவார், சூடோ உரிமையும் போய்விடும். ‘-ஆர்’ இரண்டும் பெரிசு. ‘ஆர்டபிள்யூஎக்ஸ்’ இல் எக்ஸ் மட்டும் பெரிசு, அப்போதுதான் ஃபோல்டருக்கு மட்டும் இயக்க உரிமை ஏறும், ஏற்கெனவே இயங்கக்கூடிய ஹுக் (புஷ் போன்ற வேளையில் தானாக ஓடும் ஸ்க்ரிப்ட்) தவிர மற்ற ஃபைல்கள் தப்பும்.

‘ஜி+எஸ்’ தான் உயிர். அதில்லாமல் முதல் நான்கையும் செய்தால் இன்றைக்குச் சரியாகும், அடுத்த புஷ்ஷில் உண்டாகும் புது ஃபோல்டர் மறுபடி புஷ் செய்தவரின் சொந்தக் குழுவுக்குப் போய்விடும். குழுவில் சேர்த்தபின் அந்த ஆள் வெளியேறி மறுபடி லொகின் ஆக வேண்டும். ‘ஐடி’ என்று அடித்தால் டெவ் தெரிய வேண்டும். 

இவ்வளவும் செய்து கொஞ்ச நாளில் திரும்ப வந்தால், யாரோ அந்தப் பெட்டியில் ‘சூடோ கிட் ஜிசி’ போல ஏதாவது ஓட்டியிருப்பார். ‘ஃபைண்ட் ஒப்ஜெக்ட்ஸ் -யூசர் ரூட்’ காட்டிக்கொடுக்கும். ரெப்போவை என்டிஎஃப்எஸ் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தால் சிஎச்மொட் பொதுவாக ஒட்டாது, ஈஎக்ஸ்டி4க்கு மாற்றுங்கள். டிஸ்க் நிரம்பினாலும் வேறு சொற்களில் இதே இடத்தில்தான் விழும். ‘டிஎஃப் -எச்’, ‘டிஎஃப் -ஐ’ இரண்டையும் பாருங்கள், ஐநோட் (ஃபைல் ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கில் உள்ள பதிவு இடம்) முடிந்திருந்தால் முதலாவதில் தெரியாது.

ஒலுவில்_404

அந்தப் பெட்டிக்குள்ள போய் ‘கிட் லொக்’ அடிச்சா “டூபியஸ் ஓனர்ஷிப்” எண்டு வருமே, சிஎச்ஓன் போட்டா சரியாகுமா?

கல்லாற்றான்

உங்களுக்குச் சரியாகும், மற்ற நாலு பேருக்கும் உடையும். அது 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2இன் பாதுகாப்புச் சோதனை: ஃபோல்டரின் சொந்தக்காரர் நீங்கள் இல்லை என்றால் கிட் ஓட மறுக்கும். சொந்தக்காரரை மாற்றாமல், நம்பலாம் என்று சொல்லிவிடுங்கள்:

கிட் கொன்ஃபிக் --குளோபல் --எட் சேஃப்.டிரெக்டரி /எஸ்ஆர்வி/கிட்/செட்டிங்.கிட்

ஏறாவூர்_ரூட்

கல்லாற்றான் சொன்னது சரி, ஆனா ஐந்து பேருக்கு நான் குழு வழியைத் தெரிவு செய்ய மாட்டன். ‘கிட்’ எண்டு ஒரே ஒரு யூசர், அவர்ர ‘ஒத்தரைஸ்ட்_கீஸ்’ ஃபைலில ஆளுக்கு ஒரு வரி. எல்லா ஃபைலும் ஒரே ஆளுக்குச் சொந்தம், பெர்மிஷன் சண்டையே வராது.

சூடோ எட்யூசர் --டிஸேபிள்ட்-பாஸ்வேர்ட் கிட்

டொட் எஸ்எஸ்எச் ஃபோல்டர் 700, ஒத்தரைஸ்ட்_கீஸ் 600, ரெண்டும் கிட் யூசருக்குச் சொந்தம். ரெப்போவை ‘சிஎச்ஓன் -ஆர் கிட்:கிட்’ போட்டு அவருக்குக் குடுங்க, இதுலயும் ஆர் பெரிசு. கிட்டின்ர வீட்டு ஃபோல்டருக்குக் குழு எழுதுற உரிமை இருந்தா எஸ்எஸ்எச் சேர்வர் கீயைப் பார்க்கவே மாட்டுது. உங்களுக்கு வெறும் “பெர்மிஷன் டினைட்” தெரியும், உண்மையான காரணம் சேர்வரில ‘/வார்/லொக்/ஓத்.லொக்’கில “பேட் ஓனர்ஷிப் ஓர் மோட்ஸ்” எண்டு கிடக்கும். கீயை ஒட்டக்க ஒரு வரி ரெண்டா உடைஞ்சாலும் இதே கதி.

கடைசியா ஷெல்லை ‘கிட்-ஷெல்’ ஆக்குங்க. அது எங்க எண்டு ‘விச் கிட்-ஷெல்’ சொல்லும், அந்தப் பாதையை ‘/ஈடிசி/ஷெல்ஸ்’ ஃபைலில சேர்த்துட்டு ‘சிஎச்எஸ்எச்’ போடணும். மறுகா ஆராவது சும்மா எஸ்எஸ்எச் பண்ணினா “இன்டரக்டிவ் கிட் ஷெல் இஸ் நொட் எனேபிள்ட்” எண்டு வெளிய தள்ளும். புஷ், புல் மட்டும் ஓடும்.

அந்தப் பெட்டிக்கு ரவுட்டரில ஐபியை ரிசேர்வ் பண்ணி வைங்க. கரண்ட் போய் வந்து ஐபி மாறினா அண்டைக்கு எல்லாருக்கும் டைம் அவுட்.

கல்லாற்றான்

ஒரே யூசர் என்றால் யார் புஷ் செய்தது என்று தெரியாதே?

ஏறாவூர்_ரூட்

கொமிட்டில உள்ள பெயர் ஒவ்வொருத்தரின்ர ‘யூசர்.நேம்’இல இருந்து வாறது, அது மாறாது. ஆர் உள்ள வந்தது எண்டது ஓத்.லொக்கில கீயின்ர எஸ்எச்ஏ256 ஃபிங்கர்பிரின்டோட நிக்கும். ஒவ்வொரு கீயிலயும் கடைசியில ஆளின்ர பெயரைக் குறிப்பா எழுதி வைங்க, ‘எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப் ஒத்தரைஸ்ட்_கீஸ்’ போட்டா ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில காட்டும். ரெண்டு எழுத்தும் சின்னது.

நெல்மணி (சம்மாந்துறை)

ஒரே யூசர் வழிக்கே மாத்திட்டம், இப்ப ஐந்து பேருக்கும் புஷ் போகுது.

இனி ஒண்டு. மில்லுகளில உள்ள 12 கணினியும் புது வேர்ஷனை மெயின் ரெப்போவில இருந்து ‘கிட் புல்’ பண்ணித்தான் எடுக்குது. அதில எல்லாத்திலயும் ஒரு டெவலப்பரின்ர டோக்கன்தான் கிடக்கு. அவர் இந்த மாதம் விலகுறார்.

காரைதீவு_கொமிட்

அவரை ஓர்கனைசேஷனில இருந்து எடுத்த நிமிசத்தில 12 மில்லுக்கும் “நொட் ஃபவுண்ட்” வரும். எடுக்க முதல் இதைச் செய்யுங்க.

ஒவ்வொரு மில் கணினியிலயும் தனித்தனி கீ, ‘எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519 -சி மில்லின்ர பெயர்’. இதில டி சின்னது, சி பெரிசு. புல் தானா ஓடுற வேலை எண்டா பாஸ்ஃப்ரேஸ் வைக்க ஏலாது, அதனாலதான் அந்தக் கீக்கு உரிமை குறைவா இருக்கணும். பப் ஃபைலில உள்ளதை ரெப்போ செட்டிங்ஸ், டிப்ளோய் கீஸ் பக்கத்தில சேருங்க. ‘எலவ் ரைட் எக்ஸஸ்’ பெட்டியைத் தொட வேணாம், இயல்பா அது வாசிக்க மட்டும்தான். ஆராவது மில்லில இருந்து புஷ் பண்ணப் பார்த்தா “மார்க்ட் அஸ் ரீட் ஒன்லி” எண்டு வரும், அது நல்லதுக்கு. ரிமோட் யூஆர்எல்லை எஸ்எஸ்எச் வடிவத்துக்கு மாத்துங்க:

கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஒரிஜின் கிட்@கிட்ஹப்.கொம்:ஓர்கனைசேஷன்/ரெப்போ.கிட்

ஒரு டிப்ளோய் கீ ஒரு ரெப்போவுக்குத்தான். அதே கீயை ரெண்டாவது ரெப்போவிலயோ ஆளின்ர எக்கவுண்டிலயோ போடப் போனா “கீ இஸ் ஓல்ரெடி இன் யூஸ்” எண்டு மறுக்கும். மெயின் ரெப்போவுக்குள்ள சப்மொடியூலா வேற பிரைவேட் ரெப்போ இருந்தா அதுக்கு வேற கீ, கொன்ஃபிக்கில வேற ஹோஸ்ட் பெயர்.

12உம் புது வழியால ‘கிட் ஃபெட்ச்’ எடுக்குது எண்டு பார்த்தபிறகு அவரை நீக்குங்க. நீக்கினாலும் அவர் முந்தி ஏதாவது டிப்ளோய் கீ சேர்த்திருந்தா அது தானாப் போகாது, உயிரோட நிக்கும். அந்தப் பக்கத்தில பெயர் தெரியாத கீ இருந்தா அழிச்சுவிடுங்க. கல்முனைப் பெட்டியில ஒத்தரைஸ்ட்_கீஸில அவர்ர வரியையும் எடுத்துவிடுங்க.

வாவிக்கரை

மில் கணினிகள் வின்டோஸ் என்றால், புல்லை டாஸ்க் ஷெட்யூலர் எந்த யூசர் பெயரில் ஓட்டுகிறது என்று பார்த்துவிட்டு அந்த யூசரின் வீட்டு ஃபோல்டரில் கீயை வையுங்கள். ‘சிஸ்டம்’ பெயரில் ஓடினால் அதற்கு வீடு வேறு இடம். கையால் ஓட்டினால் வரும், இரவில் தானாக ஓடும்போது வராது.